டார்ச்சைச் சாய்ச்சுப் பிடி

பேய் ராத்திரியிலதான் வரும்னு எவன் சொன்னான்? இது நடந்தது பட்டப்பகல்... மத்தியானம் பன்னிரண்டரை மணி.

தூத்துக்குடியில இருந்து வேம்பாருக்குப் போற கடற்கரை ரோடு. ரெண்டு பக்கமும் உப்பளம். அளத்து ஆளுங்க விடியுமுன்னே வந்து, வெயில் ஏறுமுன்னே கரையேறிருவாங்க. உச்சி வேளையில அங்கன ஒரு காக்கா கூட நிக்காது. அந்த ரோட்டுல ஒருத்தன் தனியா பைக்ல போறான்...

லாரி வரிசை நகர விடிஞ்சிரும்போல. காத்து அடிக்கு, கதை கேக்கணும்னா தார்ப்பாய் மறைவுக்கு வாங்க. ஏலே, பின்னால இருக்கவனே, அந்தச் செல்லை அணை.

பைக்ல போறவன் பேரு பாலகணேஷ். நம்ம கூட லாரி ஓட்டுற செந்தூர்வேல் இருக்கான்லா, அவனுக்குப் பெரியப்பா மவன். தூத்துக்குடியில லேப்டாப் ரிப்பேர் கடை வச்சிருந்தான். கெட்டிக்காரன். ஃபேன் சத்தத்தை வச்சே கோளாறைச் சொல்லிருவான். அன்னைக்கு ஒரு உப்புக் கம்பெனி ஆபீஸ்ல இருந்து போன். "அண்ணாச்சி, போன மாசம் ஸ்கிரீன் மாத்திக் குடுத்தீங்கல்லா, அந்த லேப்டாப் ஆன் ஆவுது. ஆனா கறுப்பாவே இருக்கு."

மாத்திக் குடுத்த ஸ்கிரீன்னு கேட்டதுமே கடையைப் பூட்டிட்டுக் கிளம்பிட்டான். ஏன்னா... அது திருடின ஸ்கிரீன்.

அதுக்கு முந்தின மாசம் வேம்பார்ல இருந்து ஜெபகனின்னு ஒரு அம்மா வந்தாங்க. பழைய சேலையில சுத்தி ஒரு லேப்டாப். மவன் நேசக்குமாரோடது. காலேஜ்ல படிச்சுக்கிட்டே லீவு நாள்ல சங்கு குளிக்கப் போற பையன். ஒருநாள் முங்கினவன் உசுரோட மேல வரலை. கூட்டாளிங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. பிளாஸ்டிக் பையில போட்டு இடுப்புல கட்டியிருந்த செல்லு கடலோட போச்சு. வீட்டுல அவன் போட்டோ ஒண்ணு கிடையாது. ஆதார் அட்டையில இருக்குதான்... அதைப் பெருசாக்கினா நம்ம மூஞ்சியே நமக்கு அடையாளம் தெரியாது. "இதுக்குள்ள அவன் போட்டோ நிறைய கிடக்கு தம்பி. ஒண்ணே ஒண்ணு எடுத்துக் குடு. வருசப் பூசை வருது"ன்னு கேட்டாங்க.

கழட்டிப் பார்த்தான். ஸ்கிரீனுக்குப் போற கேபிள் லேசா கழண்டு கிடக்கு. அம்புட்டுத்தான். அழுத்திவிட்டா அஞ்சு நிமிச வேலை. ஆனா அதே அளவு ஸ்கிரீன் கேட்டு உப்புக் கம்பெனிக்காரங்க ஒரு வாரமா உசுரை வாங்குதாங்க. எங்கயும் கிடைக்கலை. பாலகணேஷ் வாசலை ஒரு பார்வை பார்த்தான்... நல்ல ஸ்கிரீனைக் கழட்டினான். மூலையில கிடந்த உடைஞ்ச ஸ்கிரீனை அதுல மாட்டினான். மறுநாள் அந்த அம்மாகிட்ட, "அக்கா, போர்டே போச்சு, உள்ள ஒண்ணும் தேறாது"ன்னுட்டான். ஒரு போட்டோ கூட எடுத்துக் குடுக்கலை. குடுத்தா குட்டு வெளிப்பட்டுரும்லா.

ஜெபகனியம்மா திட்டலை. "நீயும் எம்புட்டு நேரம் போராடினியோ தம்பி"ன்னு சொல்லி, பையில இருந்து ஒரு பொட்டலம் கருவாடு எடுத்துக் குடுத்துட்டுப் போனாங்க. அதை அவன் கை நீட்டி வாங்கினான் பாருங்க... வீட்டுல குழம்பு வச்சாங்க. ஒரு வாய் இறங்கலை.

சரி, ரோட்டுக்கு வாரேன். பாதி வழியில பூட்டிக் கிடக்குற ஒரு டீக்கடை. தண்ணி குடிக்கலாம்னு வண்டியை நிறுத்துதான். சுவத்துல புது போஸ்டர். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி... நேசக்குமார்... நாளைக்கழிச்சுப் பூசை. நடுவுல முகத்துக்குன்னு வட்டமா இடம் விட்டிருக்கு. வட்டத்துக்குள்ள முகம் இல்லை. ஒரு சிலுவை மட்டும்.

சுத்தி ஒரு ஈ, எறும்பு இல்லை. இருந்தும் ஹெல்மெட்டைக் கழட்ட அவனுக்குக் கூசிச்சு. தண்ணி குடிக்காமலே கிளம்பிட்டான்.

ஆபீஸ்ல இசக்கித்தாய்னு ஒரு பிள்ளை மட்டும் இருந்துச்சு. டைப் அடிக்குற பிள்ளை. மத்தவங்க சாப்பிடப் போயாச்சு. பாலகணேஷ் வேலையை ஆரம்பிச்சான். சார்ஜர் லைட் எரியுது. பட்டனை அமுக்கினா ஃபேன் ஓடுது. ஸ்கிரீன் கறுப்பு. பேட்டரியைக் கழட்டிட்டு பட்டனை அரை நிமிசம் அமுக்கிப் பிடிச்சான்... கறுப்பு. ராம்னு சொல்ற மெமரிப் பட்டையை உருவி, ரப்பரால தேய்ச்சு, திரும்ப மாட்டினான்... கறுப்பு. பக்கத்து டேபிள் மானிட்டரை இதுல செருகினான். அதுல உப்பு லோடு லிஸ்ட் பளிச்னு தெரியுது. அப்ப லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. கோளாறு அந்த ஸ்கிரீன்லதான்.

இதுக்குக் கடைசியா ஒரு சோதனை உண்டு. ஸ்கிரீனுக்குப் பின்னால எரியுற வெளிச்சம் மட்டும் போயிருந்தா, படம் மங்கலா உள்ளயேதான் நிக்கும். இருட்டுல டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சா தெரியும். அது பகலாச்சே... துண்டை எடுத்து, ஸ்கிரீனையும் தலையையும் சேர்த்து மூடிக்கிட்டான். டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சான்.

மானிட்டர்ல என்ன இருக்கோ அதுதான் இதுலயும் இருக்கணும். இதுல ஒரு முகம் இருந்துச்சு.

சின்னப் பையன். தாடையில ஒரு பள்ளம், ஜெபகனியம்மாவுக்கு இருக்குற மாதிரியே. மடிப்புக் கலையாத கோடு போட்ட சட்டை. பாக்கெட்டுக்கு மேல, புதுச் சட்டையில அளவு போட்டு ஒட்டியிருப்பாங்கல்லா கண்ணாடி ஸ்டிக்கர், 40 40 40னு... அது உரிக்காம அப்படியே இருக்கு. பையன் இவனைப் பார்க்கலை. குனிஞ்சு அந்த ஸ்டிக்கரையே பார்த்துக்கிட்டிருக்கான்.

க்ரிச்...

நகத்தால பிளாஸ்டிக்கைச் சுரண்டுற சத்தம்.

க்ரிச்... க்ரிச்...

துண்டைப் பிடுங்கி எறிஞ்சான். ஸ்கிரீன் கறுப்பு. ஸ்கிரீன்ல எதுவும் தங்காதுன்னு அவனுக்குத் தெரியாதா? இத்தனை வருசத் தொழில். மூஞ்சி பார்க்குற கண்ணாடியில போன வருசம் பார்த்த மூஞ்சி தங்குமா? "ஏளா, நீ ஒருக்கா பாரு"ன்னு டார்ச்சை இசக்கித்தாய்கிட்ட நீட்டினான்.

அது துண்டுக்குள்ள தலையை விட்டுப் பார்த்துச்சு. "ஒண்ணுமே தெரியலையே அண்ணாச்சி." அப்புறம் மூக்கை உறிஞ்சிச்சு. "புதுத்துணி வாசம் வருது... யாருக்கு எடுத்தீங்க?"

எவனா இருந்தாலும் வண்டியை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு ஓடிருப்பான். இவனுக்குப் பயத்தை விட வெக்கம் பெருசா இருந்துச்சு. அந்தப் பிள்ளை முன்னாலயே ஸ்கிரீனைக் கழட்டினான். வேற மாட்டித் தாரேன்னு சொல்லிட்டு நேரா வேம்பாருக்கு விட்டான்.

ஜெபகனியம்மா வாசல்ல நின்னாங்க. வரும்போதே நாலு விதமா யோசிச்சு வச்சிருந்தான், எப்படிச் சொல்லலாம்னு. கடைசியில நேராவே சொல்லிட்டான். "அக்கா, போர்டு போகலை. நான் பொய் சொன்னேன். இது உங்க மவன் ஸ்கிரீன்... நான் திருடிட்டேன்."

அந்த அம்மா ஸ்கிரீனைப் பார்த்தாங்க. அவனைப் பார்த்தாங்க.

"வெயில்ல நிக்காத தம்பி. உள்ள வா."

ரெண்டு அடி அடிச்சிருந்தா கூடத் தாங்கியிருப்பான். உள்ள போய்த் தரையில உக்காந்தான். அந்த அம்மா பழைய சேலையில சுத்தி வச்சிருந்த லேப்டாப்பை எடுத்து முன்னால வச்சாங்க. தலை நிமிரலை. மூணு தடவை ஸ்குரு கீழ விழுந்துச்சு. மூணு தடவையும் அந்த அம்மாதான் தேடி எடுத்துக் குடுத்தாங்க. மாட்டி, சார்ஜரைச் செருகி, பட்டனை அமுக்கினான். ஃபேன் ஓடுது. ஸ்கிரீன் கறுப்பு.

"தெரியலையா தம்பி?"

துண்டை விரிச்சான். ரெண்டு பேர் தலையும் உள்ள. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சான். மறுபடியும் அந்தப் புதுத்துணி வாசம்... அதுக்கு அடியில ஈர மண்ணு வாசம்.

"என் மவன்"னாங்க ஜெபகனியம்மா. அப்புறம் முகத்தை விட்டுட்டுச் சட்டையைப் பார்த்தாங்க.

"இந்தச் சட்டைய அவன் உசுரோட போட்டதே இல்ல தம்பி."

பாலகணேஷ் டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டு போனான்.

"அவனைக் கரைக்குக் கொண்டாந்தப்புறம் ஆள் விட்டு வாங்கினது. பெட்டியில வைக்குறதுக்கு. நான்தான் போட்டுவிட்டேன்... அழுத அழுகையில ஸ்டிக்கரை உரிக்க மறந்துட்டேன். பெட்டியை மூடி, மண்ணு போட்டு, வீட்டுக்கு வந்தப்புறம்தான் நினைப்பு வந்துச்சு. பிள்ளையைத் துணிக்கடைப் பொம்மை மாதிரி அனுப்பிட்டேனேன்னு... வெளிய சொல்லக் கூசி, ஒரு வருசமா நான் யார்கிட்டயும் சொல்லலை."

க்ரிச்னு சத்தம். இந்தத் தடவை அது உள்ள இருந்து வரலை. அந்த அம்மா விரலை நீட்டி, கண்ணாடி மேல, அந்தப் பாக்கெட் இருக்குற இடத்துல நகத்தை வச்சுச் சுரண்டுதாங்க. மெதுவா... தூங்குற பிள்ளை முழிச்சிரக் கூடாதுன்னு செய்யுற மாதிரி. "பொறு ராசா... பொறு... இந்தா வந்துட்டு..."

சட்டுனு ஸ்கிரீன்ல லைட் எரிஞ்சுது. வெளிச்சம் முகத்துல அடிச்சுது. பழைய பனியனோட நேசக்குமார் வள்ளத்துல உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கான். பின்னால கடல். எல்லாரும் பார்க்குற சாதாரண போட்டோ. அதைத்தான் பூசைக்குப் பெருசாக்கி வச்சாங்க. அதைத்தான் பாலகணேஷ் வட்டமா வெட்டி, தன் கையால எல்லாப் போஸ்டர்லயும் சிலுவைக்குக் கீழ ஒட்டினான். டீக்கடைச் சுவத்துல ஒட்டும்போது ஹெல்மெட்டைக் கழட்டி வச்சிட்டு ஒட்டினான்.

அன்னைக்குக் கிளம்பும்போது அந்த அம்மா கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து நீட்டினாங்களாம். அவனால கை நீட்ட முடியலை. அப்பத்தான் அவங்க இன்னொரு கையைப் பார்த்தான். மூடியே வச்சிருந்தாங்க. விரலைப் பிரிச்சாங்க.

உள்ள ஒரு ஸ்டிக்கர். 40 40 40. மண்ணு ஒட்டி, ஈரமா.

அதை அந்த அம்மா ஜெபப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்காங்க. வருசா வருசம் பாலகணேஷ் பூசைக்குப் போனா அவன்கிட்ட எடுத்துக் காட்டுவாங்க. இந்தத் தடவையோட மூணு வருசம் ஆச்சு...

இன்னும் காயலையாம்.