படத்துல ஒரு எடம் மாத்தணும்

இல்ல ஷ்ரேயா பாப்பா, ஏசிய அமுத்திடு, போதும். இந்த அபிராமபுரத்து வூட்டு ஜில்லு எனக்கு ஆவாது. காபியும் வேணாம். படம் ஓடறப்போ குடிச்சதே நெஞ்சுல நிக்குது. நான் ஒண்ணும் அயுவல, கண்ணு கூசிக்கிச்சு, அவ்ளோதான்.

படம் ஷோக்கா கீது. மெய்யாலுமே சொல்றேன். சாந்தோம் கடலு, எங்க குப்பம், நான் மீன் கூடையத் தூக்கினு போறது எல்லாம் அயகா எடுத்துகீற. ஆனா நான் சும்மா குந்திகினு கீறப்போ பின்னாடி வயலின் வாசிக்க வுட்டியே, அது இன்னாத்துக்கு? எங்க வூட்டாண்ட எந்நேரமும் ஆட்டோ சத்தமும் பக்கத்து வூட்டு டிவியும்தான் கேக்கும். அந்த சத்தத்தையே போடு. ஜெயில்ல கீறாளே தேவானை, அந்த சத்தத்துலதான அவ அன்னிக்கு கத்தனது யாருக்கும் கேக்காம பூட்ச்சு.

பரோல்ல வந்தப்போ பெசன்ட் நகர்ல உன் சிநேகிதி வூட்ல வெச்சு அவ கைய மட்டும் எடுத்தியே, வவ்வா மீனு ஆயற மாரி. கத்திய தொட்டுட்டு தொட்டுட்டு கைய இஸ்துகினா பாரு, அத்த வெட்டிடாத. கோர்ட்டுல இன்னா சொன்னாங்க? புருசன கொல்லணும்னே கத்திய எடுத்துகினு வந்தாளாம். எங்கேருந்து எடுத்துகினு வரது? மீன் ஆஞ்சிகினு கீறா, கத்தி கைலயே கீது. அவன் பின்னால வந்து முடியப் புட்சி இஸ்து கய்த்த நெரிக்கிறான். கொஞ்சம் இரு, கத்திய கீய வெச்சிட்டு வரேன்னு சொல்லவா முடியும்? ஓடியிருக்கலாமேன்னு கேட்டாராம் அந்த வக்கீலு. ஒரே ரூமு, கதவாண்டதான் அவன் நிக்கிறான்.

நான் பாத்தனாவா? இல்ல, மார்க்கெட்டுல இருந்தேன். வந்து பாத்தா அவ அவன் தலைய மடில போட்டுகினு குந்திகினு கீறா. யாரோ தண்ணி குடுத்தா அவன் வாய்க்குதான் கொண்டு போறா. அதுக்கு முன்ன அடிச்சதெல்லாம் கண்ணால பாத்துகீறேன். குறுக்க பூந்தா என்னையும் தள்ளுவான். இந்த முட்டி மடங்காது, அது அவன் குடுத்ததுதான். கோர்ட்டுல என்னைய யாரு கூப்ட்டா? ஒருத்தரும் கூப்புடல.

அப்பால, அவன் போட்டோவ ஏன் மங்கலாக்கிட்ட? ஓ, உன் வக்கீல் சொன்னாரா. சரி, அவரு சொன்னா சரி. பாக்கறதுக்குப் பேய் மாரி கீது, அதான் கேட்டேன். முருகையன் சிரிச்சா ரெண்டு கன்னத்துலயும் குயி வியும். பேத்திக்கு அவனேதான் தலை பின்னி வுடுவான், அவ்ளோ பொறுமையா. அன்னிக்கே சாயங்காலம் தேவானைய செவுத்துல வெச்சு இடிப்பான். குடிதான் காரணம்னு படத்துல ஒரு டாக்டரம்மா சொல்றாங்களே, அது தப்பு. குடிக்காத அன்னிக்கும் அடிப்பான். அத்த சொல்லிடணும்.

திங்கக்கெயம மயிலாப்பூர் ஹால்ல போடறேன்ன. ரிட்டயர்டு ஜட்ஜுங்க, வக்கீலுங்க, பேப்பர்காரங்க எல்லாம் வருவாங்க. பாத்துட்டு அவங்க சேந்து கவர்மெண்டுக்கு எய்திக் குடுத்தா தேவானைய முன்கூட்டியே வுட்டாலும் வுடுவாங்க. அதான சொன்ன? எனக்கு அந்த ஒரு நெனப்புதான், தூங்கறப்பவும் அதான்.

ஆனா அவங்க என்னைய பாத்து இன்னா நெனைப்பாங்க சொல்லு. பெத்த பொண்ணு ஜெயில்ல கீறா, கெயவி அயுவறா. எந்த அம்மாவும் அதான் பண்ணுவா. உச்சுக் கொட்டிட்டு எய்ந்து பூடுவாங்க.

அத்தொட்டுதான் ஒரு எடம் மாத்தணும்ன்றேன். நான் பேசறப்போ மூஞ்சிக்குக் கீய எய்த்து வருதே, உன் கேமராக்காரரு அயான் தம்பி படிச்சு சொன்னாரு. முத்தம்மா, தேவானையின் தாயாருன்னு. உன் மேல தப்பில்ல கண்ணு. புழல் ஜெயிலு கேட்டாண்ட என்னைய பாத்த. அவ என்னைய அம்மான்னுதான் கூப்புடுவா, நீயும் அப்டியே போட்டுகின. எனக்கும் வேற சொல்ல வாய் வரல.

அவ ஆத்தா அவ கல்யாணத்துக்கு முன்னயே பூட்டா. நான் முருகையனப் பெத்தவ.

இன்னா பாப்பா, எய்ந்து நின்னுட்ட? குந்து. என் பெரிய புள்ள இத்த பாத்தான்னா வூட்ட வுட்டுத் தொரத்துவான். குப்பத்துல எவளும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டா. தெரிஞ்சிதான் சொல்றேன். செத்தது என் புள்ள, தெனமும் வயிறு பத்திகினுதான் கீது. அதுக்காக அவளும் உள்ளயே கெடந்து சாவணுமா? செத்தவனோட தாயாருன்னு போடு. திங்கக்கெயமக்குள்ள மாத்திடலாம் இல்ல?