சுரங்கப்பாதைக்கு ஒரு பலகை

எங்கள் ஊரின் வரலாற்றுப் பலகைகள் நல்ல உயரத்தில் இருக்கின்றன. கழுத்தும் வலிக்காது, குனியவும் வேண்டாம். எழுத்துகளும் பெரிது. தலை நரைத்த பிறகு எழுத்துக் கூட்டப் பழகியவனுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. அரிச்சுவடியை என் மகள் வீட்டில் சொல்லிக் கொடுத்தாள்; மீதியைத் தெருவில் நின்று படித்தேன்.

அவற்றில் பாதிக்கு மேல் நானே குழி தோண்டி நட்டவை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நட்டவை. படிக்கத் தெரிந்ததும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தேன். பழைய தபால் நிலையத்துக்கு ஒன்று. புயலில் விழுந்த மரத்துக்கு ஒன்று. ஸ்டேஷன் மாஸ்டர் மாற்றலாகிப் போன பின்னும் பிளாட்பாரத்தை விட்டு நகராத நாய்க்கு ஒன்று. நாயின் பலகையைத் திரும்பவும் படித்தேன். சரியாகத்தான் கூட்டினேனா என்று சந்தேகம். சரிதான். நாய்க்குப் பேர் போட்டு, பழுப்பு நிறம் என்றுகூடப் போட்டிருந்தார்கள்.

நாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையை நீங்களும் பயன்படுத்தியிருப்பீர்கள். அதைத் தோண்டியபோது நான் வாலிபன். என் மனைவி மண் சுமந்தாள். மகள் அப்போது தவழும் குழந்தை. மழை விட்ட மறுநாள் பக்கத்துக் கரை சரிந்தது. என் மனைவியும் இன்னும் சிலரும் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். தோண்டி எடுக்கிறோம் என்று மண்வெட்டியோடு ஓடினோம். தோண்டினால் மேலே தண்டவாளம் இறங்கிவிடும் என்று இன்ஜினியர் தடுத்தார். அந்த மண்ணின் மேலேயே இன்னும் மண் கொட்டி, இறுக்கி, சுவர் எழுப்பிவிட்டார்கள். செங்கல் எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். குழந்தைக்குப் பால் வாங்க வேண்டுமே.

ஆகவே அவளுக்குக் கல்லறை கிடையாது. சுவர்தான்.

இந்த வருடம் சுரங்கப்பாதைக்கும் பலகை வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. எந்தப் பலகையில் என்ன எழுதுவது என்று முடிவு செய்பவர் வரலாற்றுக் கழகச் செயலாளர். நல்ல மனிதர். யாரையும் நீ வா போ என்று பேசமாட்டார். வீட்டுக்குப் போனேன். நாற்காலியில் உட்காரச் சொன்னார். எழுதி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். நகராட்சித் தலைவரின் அயராத உழைப்பால் இந்தச் சுரங்கப்பாதை உருவானது என்று இருந்தது. ‘அயராத’ என்ற சொல்லில் கொஞ்சம் தடுமாறினேன். பொறுமையாக எடுத்துக் கொடுத்தார்.

“ஐயா, ஒரு வரி. அங்க மண்ணு சரிஞ்சு செத்தாங்கன்னு ஒரே ஒரு வரி.”

“பெரியவரே, உங்க வருத்தம் புரியுது. ஆனா செத்தவங்களையெல்லாம் போட ஆரம்பிச்சா அது பலகையா இருக்காது, இன்னொரு சுவராத்தான் இருக்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, என் மனசு நோகக் கூடாதே என்று, “வேணும்னா ‘பலரது ஒத்துழைப்போடு’ன்னு சேர்த்துடறேன். உங்க வீட்டம்மாவும் அதுல வந்துடுவாங்க” என்றார்.

ஒத்துழைப்பு. மூக்கிலும் வாயிலும் மண் அடைத்துச் செத்தவளுடைய ஒத்துழைப்பு.

மகளிடம் சொன்னேன். “விடுப்பா. போர்டு வச்சா அம்மா எந்திரிச்சு வரப்போறாங்களா?” என்றாள். அவளுக்கு அம்மாவின் முகம் தெரியாது. ஒரு போட்டோகூடக் கிடையாது. அவள் விட்டுவிடலாம். வேலையிடத்தில் மேஸ்திரி, “என்னண்ணே, அண்ணிக்குச் சிலை வைக்கறாங்களாமே, கிரேனுக்குச் சொல்லட்டுமா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது சுரங்கப்பாதை ஓரமாக நாங்கள் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தோம். ஆள் மறையும் ஆழம். இளகின மண் என்பதால் இரண்டு பக்கமும் தகடு அடைத்து, குறுக்கே முட்டுக்கட்டை கொடுத்திருந்தோம். உள்ளே முத்திரை குத்திய பழைய செங்கல் தெரிகிறது என்று செயலாளருக்குச் சொல்லியனுப்பினேன். பொய் இல்லை, தெரிந்தது. அப்படிப்பட்ட சாமான் என்றால் அவருக்கு உயிர். சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் கலைந்திருந்தபோது வந்தார். கையைப் பிடித்து ஏணியில் இறக்கிவிட்டவன் நான்தான்.

“அடடா, எப்பேர்ப்பட்ட கல்லு பெரியவரே! பலகைக்குப் பக்கத்துல இதைக் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்.”

“வச்சிடலாங்க ஐயா” என்றேன்.

செங்கல்லுக்குக் கண்ணாடிப் பெட்டி.

அவரை நான் தொடவில்லை. மேலே ஏறி, ஏணியை உருவிக்கொண்டு, சம்மட்டியால் முதல் முட்டுக்கட்டையை அடித்தேன். அடுத்ததை அடிக்கத் தேவை வரவில்லை.

ஆத்திரத்தில் செய்ததாக எழுதிக்கொள்ள வேண்டாம். செத்தவர்களை விட்டுவிட்டு ஊர்க்கதை எழுதக் கூடாது. அதை அவருக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. இனி அந்த இடத்தில் பலகை வைத்தால் சாவைப் பற்றி எழுதாமல் தப்ப முடியாது. செயலாளர் பேர் கட்டாயம் வரும். அதை ஒட்டி என் மனைவி பேரும் வரும். அவள் பேரை இங்கே எழுதமாட்டேன். பலகைக்கு எழுதுகிறவர் என்னிடம் வந்து கேட்கட்டும்.

பள்ளத்தில் வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்கிறீர்கள். மறுகோடியில், புதிதாய் வேலைக்குச் சேர்ந்தவன் ஒருவன் துண்டை விரித்துப் படுத்திருந்தான். சம்மட்டியை ஓங்கும் முன்பே பார்த்தேன். குரல் கொடுத்திருந்தால் செயலாளர் சுதாரித்திருப்பார். அவன் மனைவி கைக்குழந்தையோடு இந்தப் போலீஸ் ஸ்டேஷன் வெளி பெஞ்சில் உட்கார்ந்து, அவன் பேரையும் இதில் எழுதச் சொல்லி அழுதுகொண்டிருக்கிறாளாம். எனக்கு அவன் பேர் தெரியாது. அந்தப் பெண்ணுக்கு யாராவது தன்மையாய் எடுத்துச் சொல்லுங்கள். இது செயலாளரைப் பற்றியும் என் மனைவியைப் பற்றியும் எழுதியது. இதில் அவன் எங்கே வருகிறான்?