மீசை வச்ச குரல்

— மறுபடியும் அடிக்குது, எடுங்க. குரல நல்லா கனமா வச்சுக்கங்க.

— நீயே எடேன்டி. வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றது நீ, போன்ல புளுகறது மட்டும் நானா?

— காலைல நான் எடுத்தேனே, என்னாச்சு? "வீட்ல ஆம்பளைங்க இல்லையாம்மா"ன்னு கேட்டுட்டு வச்சுட்டான். கடை தொறந்ததுலேர்ந்து பெரிய எடம் ஒண்ணுகூட வரல. பெரிய எடம்னா ஐயா, சின்ன எடம்னா அண்ணே, இழுத்துப் பேசற ஊர்க்காரங்கன்னா நீங்களும் இழுங்க. ஸ்பீக்கர்ல போட்டு நான் சொல்றத அப்படியே சொல்லுங்க.

— வணக்கம் ஐயா! தாங்கள் அழைத்திருப்பது...

— மேடைப் பேச்சு வேணாம். என்ன கோளாறுன்னு கேளுங்க.

— மேடைப் பேச்சு வேணாம் ஐயா. என்ன கோளாறு?

— க்கும்... அதாவது, புது மெஷின். துணி பிழியறப்போ நடக்குது.

— நடக்குதா?

— நடக்குதுங்க! நேத்து கதவு வரைக்கும் வந்துடுச்சு. அதாவது, வயர் மட்டும் நீளமா இருந்தா தெருவுக்கே போயிருக்கும்.

— சிரிக்காதீங்க. பின்னாடி இருக்கற போல்ட்டெல்லாம் கழட்டினாங்களான்னு கேளுங்க.

— சிரிக்காதீங்க ஐயா. பின்னாடி போல்ட்டெல்லாம் கழட்டினீங்களா?

— நான் எங்கங்க சிரிச்சேன்? போல்ட்டு அப்படியேதான் இருக்கு.

— அதான் விஷயம். வண்டில வர்றப்போ உள்ள ஆடாம இருக்கப் போட்டது. கழட்டாம ஓட்டினா குதிக்கத்தான் செய்யும். ஐயோ, அந்த வயித்தச் சொறியறத நிறுத்துங்க, பாக்க சகிக்கல.

— கழட்டாம ஓட்டினா குதிக்கும் ஐயா. வயித்தச் சொறியறத நிறுத்துங்க, பாக்க சகிக்கல.

— ஆத்தாடி! அங்கேர்ந்து என்னைப் பாக்கறீங்களா என்ன? க்கும். அது இருக்கட்டும். பக்கத்துல ஒரு பொம்பள குரல் கேக்குதே, வேலை செய்யறது அவங்களா?

— போச்சு! இல்லைன்னு சொல்லுங்க, இல்லைன்னு சொல்லுங்க!

— இல்லவே இல்ல ஐயா! அது ரேடியோ. எங்க கடைல பொம்பள ஸ்பேனரத் தொட்டதே கெடையாது. எல்லாம் ஆம்பள. மீசை வச்ச ஆம்பள!

— அடடா. அப்ப வேணாங்க. இது பொண்ணுங்க ஹாஸ்டல். மாடிக்கு மாடி மெஷின் இருக்கு, உள்ள ஆம்பளைய விட முடியாது. உங்க கடைல பொம்பள மெக்கானிக் இருக்காங்கன்னு சொன்னாங்க, அதான் கூப்பிட்டேன். வச்சுடறேன்.

— வைக்காதீங்க சார்! நான்தான்! அந்த ரேடியோ நான்தான்!

— ஆமாங்க, அந்த மீசையும் இவதான்! என் பொண்டாட்டி. எனக்கு ஸ்க்ரூ டிரைவர எந்தப் பக்கம் புடிக்கறதுன்னே தெரியாது!

— நெசமாவா?

— சத்தியமா சார். என் குரலக் கேட்டா வேலை தர மாட்டாங்கன்னுதான் இவரப் பேச வச்சேன். கை ஒடிய ஒடிய செய்யறது நான், "நல்லா செஞ்சீங்க தம்பி"ன்னு இவருக்குத்தான் சொல்லிட்டுப் போறாங்க. வயிறு எரியுது சார். ஒரே ஒரு எடத்துலயாவது நானா போய் நிக்கணும். இந்த வேலைய எனக்கே குடுங்க.

— உனக்குத்தான். நாளைக்கே வா. அப்பாடா, தொண்டையே கிழிஞ்சுபோச்சு! என் குரல்ல பேசினா எந்தக் கடைக்காரனும் மதிக்க மாட்டேங்கறான்னு, அதாவது, காலைலேர்ந்து நானும் இப்படித்தான் உறுமிட்டு இருக்கேன். வாசல்ல வந்து வார்டன் அம்மா எங்கன்னு கேளுடி, ஓடி வர்றேன்.