ஏழாம் குழாய்

— ஏழாம் குழாய்ல இருக்கறது யாரோட ரத்தம்னு கேக்கறேன்ல, காதுல விழலியா தாயே?

— ஆரோக்கியமான ஒருத்தரோடதுதான்க்கா.

— ஆரோக்கியமாம்! மத்த பதினோரு குழாயிலயும் பிளேட்லெட் அணுவெல்லாம் நாம ஊத்தின செரட்டோனினை உறிஞ்சி உள்ள வெச்சிருக்கு. இதுல ஒண்ணுகூட தொடவே இல்ல.

— சூடு கொறஞ்சிருக்கும். குளிர்ல உறிஞ்சாது இல்லியா?

— முப்பத்தேழு டிகிரி. நான் நின்னு பாத்தேன். பதினாறு வருஷமா இதே மேசையில ரத்தத்தோட மல்லுக்கட்டறேன், எனக்கே கதை விடறியா?

— மெதுவாப் பேசுங்கக்கா.

— எதுக்கு மெதுவா? நேத்து வந்தவ நீ, உனக்குத் தலைமைப் பதவி. அடுத்த மாசத்துலேருந்து நான் உன்கிட்ட லீவு கேக்கணும். வயிறு எரியுதுடி, ஒளிக்காம சொல்றேன்.

— தெரியும்க்கா.

— இந்த ரிசல்ட் தாளை இப்பவே நம்ம லேப் பெரியவர் மேசையில வைக்கப்போறேன். இது மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடற ரத்தம். அந்த மாத்திரைதான் பிளேட்லெட்டை இப்படி உறிஞ்ச விடாம அடைக்கும். மாத்திரையே கிடையாதுன்னு ஃபார்ம்ல பொய் எழுதினவன் எவன்?

— அவன் இல்ல. நான்.

— என்னது?

— ரத்தம் குடுக்க வரவேண்டியவர் வரல. அவசரத்துல என் கையையே நீட்டிட்டேன். நாம சோதிக்கிறதே நான் சாப்பிடற மாத்திரையைத்தான்னு அப்புறம்தான் உறைச்சுது. குழாயை எடுத்துடலாம்னு வந்தேன், அதுக்குள்ள நீங்க நம்பர் ஒட்டிட்டீங்க.

— நீயா? எப்பப் பாத்தாலும் பல்லைக் காட்டிக்கிட்டு நிப்பியே!

— நிக்கறேன், என்ன பண்றது. சொல்லிடாதீங்கக்கா. இந்த வேலையும் போச்சுன்னா நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

— உனக்கென்னடி கொறைச்சல்? படிப்பு இருக்கு, பதவி வரப்போவுது, எல்லாரும் உன்னைத்தான் தலைமேல வெச்சு ஆடறாங்க.

— காலையில இந்தக் கதவைத் தொறக்கவே பயமா இருந்துச்சு. உள்ள நீங்க இருப்பீங்களேன்னு.

— ஓஹோ, பழி என்மேலயா! ஊர் பூரா சொல்லி வெச்சிருப்பியே?

— யார்கிட்டயும் சொல்லல. நான் மாத்திரை சாப்பிடறது உங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

— என் வீட்டுக்காரருக்கா? அவரோட உனக்கென்னடி பேச்சு?

— அக்கா, கத்தாதீங்க.

— என் பதவிதான் எடுத்துக்கிட்டே, அவரும் வேணுமா உனக்கு? எங்க பாக்கற அவரை? எத்தனை நாளா நடக்குது இது?

— எட்டு மாசமா. இந்த மாத்திரை எழுதித் தர்ற டாக்டர் ரூம் வாசல்ல, பெஞ்சுல உக்காந்திருப்பார். எப்பவும் எனக்கு முந்தின டோக்கன் அவரோடதுதான்க்கா.