மாங்காய் திருடிய பாத்திமா

பேட்டையிலிருந்து டவுண் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், பள்ளிச் சீருடையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தவள் மடியில் நூலகப் புத்தகம்.

"ஏட்டி, இந்தக் கதையில வார பாத்திமா மாங்கா திருடுதா!"

கண்ணாடி போட்டவள் பதறினாள். "உன் பேரை வச்சா? கோவம் வரலியா?"

"எதுக்கு? மத்த கதையில எங்க ஆளுன்னா அத்தர் விக்குத பாய் ஒருத்தர் வருவாரு, நல்லது சொல்லுவாரு, போயிருவாரு. இவதான் மரம் ஏறுதா, பொய் சொல்லுதா, உம்மாட்ட அடி வாங்குதா. என்னைய மாதிரியே! மூணு தடவ படிச்சுட்டேன்."

கண்ணாடிக்காரி புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள். டவுணில் இறங்கும்போது அதைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கண்ணாடி போட்டவ திருடுத கதை இருந்தா எனக்கு எடுத்துட்டு வாட்டி. எல்லாக் கதையிலயும் மொத மார்க்கு வாங்க வச்சே கொல்லுதானுவ."