அடிமனை

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் வந்துவிட்டால் பாதி மனது அங்கேயே விழுந்துவிடும். அப்புறம் வாசல் எந்தத் திசை, ஸ்டேஷன் எவ்வளவு தூரம், பக்கத்து வீட்டில் யார் என்று கேட்பார்கள். காலுக்கடியில் இருக்கிற மண் யாருடையது என்று கேட்டவர்களை, முப்பத்தோரு வருஷத் தொழிலில், விரல்விட்டு எண்ணிவிடலாம். லாசரஸ் அண்ணா கேட்டார்.

ஏட்டையா, "சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். நானே எழுதித் தருகிறேன் என்று பேப்பர் வாங்கிக்கொண்டேன். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது என் தொழில். பெயர் எட்மண்ட், வயது ஐம்பத்தாறு, தாம்பரத்தில் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் பத்திர எழுத்தர். என் மேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. யாருக்கும் சந்தேகமும் இல்லை. நானாகத்தான் வந்தேன்.

லாசரஸ் அண்ணாவும் நானும் சர்ச் பாடகர் குழுவில் இருபது வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவர்கள். துறைமுகம் பக்கம் ஒரு கம்பெனியில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் மனைவி ஜெயசீலி அக்கா ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒரே மகள் ஜோசலின், கல்யாணமாகி மாடம்பாக்கத்தில் இருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து பதினோரு வாடகை வீடு மாறியிருந்தார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று எல்லா வீட்டுக்காரர்களும் சொன்னதால், அவர்களுடைய கல்யாணப் போட்டோவைப் பீரோ மேல் சாய்த்தே வைத்திருந்தார்கள். சாமான் ஏற்றும்போது ஒவ்வொரு தடவையும் அண்ணா அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருவார். நானே நாலு தடவை கூடப் போயிருக்கிறேன்.

2003-இல் கைக்கு வந்த பணத்தோடு என் கடைக்கு வந்தார். "சின்னதா இருந்தாலும் பரவால்ல எட்மண்ட். மண்ணு நம்மளதா இருக்கணும். அது ஒண்ணுதான் கண்டிஷன்" என்றார்.

இரண்டு இடம் பார்த்தோம். பள்ளிக்கரணைப் பக்கம் ஒன்று, சதுப்புக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது என்று அக்கா பயந்தார். இன்னொன்றை அட்வான்ஸ் கொடுக்கப் போன அன்று வேறொருவர் முடித்துவிட்டார். அண்ணா என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அறுபத்தொரு வயது மனிதர் அழுவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவர் மேல் எனக்கு இருந்த பிரியம் உண்மையானது. அதை இந்த வாக்குமூலத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரமே ஜெயசீலி அக்கா தனியாக வந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் அண்ணாவின் இதயத்தைப் பார்த்துவிட்டு, ஆபரேஷன் தாங்காது, மாத்திரையில் ஓட்டினால் மூன்று நாலு வருஷம் என்று சொல்லியிருக்கிறார்கள். "அவருக்குத் தெரியாது தம்பி. அதுக்குள்ள ஒரு வீட்டுல அவர உட்கார வச்சிடுங்க" என்றார்.

செம்பாக்கத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி எத்திராஜ் என்பவரின் வீடு விலைக்கு இருந்தது. இரண்டு அறை, கிணறு, வேலியோரம் கறிவேப்பிலை. அண்ணா கையில் இருந்த பணத்துக்குச் சரியாக இருந்தது. அவ்வளவு மலிவாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அது குத்தகை மனை. மேலே நிற்கிற கட்டடம் எத்திராஜுடையது, அடிமனை ஒரு தனியார் டிரஸ்டுடையது. அவர் தாத்தா 1910-இல் தொண்ணூற்றொன்பது வருஷத்துக்கு எடுத்தது. கெடு முடிந்தால் மண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கட்டடத்தைத் தலையில் தூக்கிக்கொண்டா போக முடியும். வாங்குகிறவருக்கு மிச்சமிருந்தது 2009 மார்ச் முப்பத்தொன்று வரை, அதாவது ஐந்து வருஷம் ஏழு மாதம்.

டாக்டர் சொன்னது நாலு வருஷம். நான் மனதில் ஒரு கழித்தல் போட்டேன். போதும் என்று பட்டது. சாகும்வரை சொந்த மண்ணில் இருக்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு இருக்கும், அதைக் கெடுக்க யாரும் வர மாட்டார்கள். அக்கா அதற்கப்புறம் மகளிடம் போய்விடுவார் என்று வைத்துக்கொண்டேன். அக்காவிடம் இதைக் கேட்கவில்லை.

எத்திராஜ் நேர்மையான ஆள். "லீஸ் இடம்னு அவராண்ட சொல்லிட்டியா சார்? அப்பால வந்து என்னைப் பேஜார் பண்ணக் கூடாது" என்றார். சொல்லிவிட்டேன் என்றேன்.

அண்ணா வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கச் சொன்னார். முப்பது வருஷத்துக்குப் போட்டேன். எல்லோரும் அவ்வளவுதான் போடுவார்கள். 1910-இல் பதிந்தது அதில் எப்படி வரும். பேரனுக்கு வாரிசாக வந்த இடம், நடுவில் விற்பனை கிற்பனை எதுவும் கிடையாது. சான்று வெள்ளையாக வந்தது. வில்லங்கம் இல்லை என்றால் முழுச் சொந்தம் என்று இந்தப் பக்கத்தில் படித்தவர்களே நினைக்கிறார்கள். அண்ணாவும் அதை நாலாக மடித்துப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

கையெழுத்துக்கு முன்னால் பத்திரத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். பத்திரத் தமிழை வரிவரியாகத் தானே படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. நான் எழுதிய தாளில் ஒரு பொய்யும் இல்லை. குத்தகை உரிமை மாற்றம் என்றுதான் எழுதியிருந்தேன், மிச்சக் காலத்தையும் எழுதியிருந்தேன். வாசிக்கும்போது, மண்ணோடு முழுதாக விற்றதுபோல, சுத்தக்கிரயம் என்று வாசித்தேன். புத்திர பௌத்திர பாரம்பரியமாய் என்று நானாகச் சேர்த்துக்கொண்டேன். அந்த இடத்தில் அண்ணா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்துக் கூலியும், விற்றவர் வாங்கியவர் இருவரிடமும் கமிஷனும் வழக்கம்போல வாங்கிக்கொண்டேன்.

வீட்டுப் பிரதிஷ்டை ஜெபத்துக்கு முந்தின நாள் அண்ணா ஆணி வாங்கி வந்தார். கூடத்துச் சுவரில் போட்டோவை மாட்டினார். அது போதாதென்று காலண்டருக்கு ஒன்று, குடைக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் மூன்று என்று அடித்துக்கொண்டே இருந்தார். அக்கா சிரித்துக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டார். அவர்கள் இருவரையும் அப்படி நான் பார்த்ததே இல்லை. நான் செய்தது சரி என்று அன்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

கிணற்றோரம் தென்னங்கன்று வைத்தார். "காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகுமாம்" என்றார். ஆகும் என்றேன்.

அடிமனை வாடகை வருஷத்துக்குப் பதினெட்டு ரூபாய். எத்திராஜ் பெயரில் ஒவ்வொரு ஏப்ரலும் நானே டிரஸ்ட் ஆபீஸில் கட்டிவந்தேன். கடிதம் எதுவானாலும் என் கடை விலாசத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தேன். அண்ணா நிம்மதியாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதில் எனக்கு ஒரு லாபமும் கிடையாது.

ஆனால் அண்ணா சாகவில்லை. உப்பைக் குறைத்தார். காலையில் ஏரியைச் சுற்றி நடந்தார். முதலில் பாதிச் சுற்று, பிறகு முழுச் சுற்று. நாலு வருஷம் தாண்டியது. அதே ஆஸ்பத்திரியில் அதே டாக்டர் ஆச்சரியப்பட்டாராம். அக்கா அல்வா கொண்டுவந்து கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். அன்றைக்குத் தேதிக்குக் கெடு முடிய ஒரு வருஷம் நாலு மாதம் பாக்கி இருந்தது.

2008 ஜனவரியில் டிரஸ்டிலிருந்து கடிதம் வந்தது. குடியிருப்பவர்கள் விரும்பினால் அடிமனையைக் கிரயம் வாங்கிக்கொள்ளலாம், டிசம்பருக்குள் பணம் கட்ட வேண்டும், கட்டாதவர்களிடமிருந்து கெடு முடிந்ததும் மனை திரும்ப எடுக்கப்படும் என்று இருந்தது. தொகை அதிகமில்லை, அக்காவின் நகைக்குள் அடங்கும். கடிதத்தை மேஜை டிராயரில் பழைய முத்திரைத்தாள்களுக்கு அடியில் வைத்தேன். எடுத்துக் கொடுத்திருந்தால், அன்றைக்கு நீ படித்துக் காட்டியது என்ன என்று அண்ணா கேட்டிருப்பார். அந்தக் கேள்வியைக் கேட்கிற அளவுக்கு அவர் நெஞ்சில் பலம் இல்லை என்று நினைத்தேன்.

டிசம்பர் போயிற்று.

2009 பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி இருக்கும். ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க மாடம்பாக்கம் போய்விட்டு வழியில் அண்ணா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அண்ணா பனியனோடு கதவைத் திறந்தார். அவரே டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை ஜாஸ்தி. கெடுவுக்கு நாற்பத்தேழு நாள் இருந்தது. அந்த நாள் வந்ததும் அடியாள் மாதிரி யாரும் வர மாட்டார்கள், டிரஸ்ட் குமாஸ்தா ஒரு நோட்டீஸோடு வருவார், அண்ணா வாசலில் நின்று அதை இரண்டு தடவை படிப்பார் என்று யோசித்துக்கொண்டே குடித்தேன்.

"ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும் எட்மண்ட். ரொம்ப நாளா சொல்லணும்னு" என்று ஆரம்பித்தார். அதற்குள் கை நெஞ்சுக்குப் போயிற்று. நாற்காலியில் சரிந்தார்.

நாக்குக்கடியில் வைக்கிற மாத்திரை எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஃபிரிட்ஜ் மேல் சின்னக் கண்ணாடிக் குப்பி. எடுத்து வந்தேன். அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். குப்பி என் உள்ளங்கையில் இருந்தது. மூடியைத் திறக்கவில்லை.

மூடி இறுகிவிட்டது என்று அவர் நினைத்தார். இப்படித் திருப்பு என்று விரலால் காட்டினார். நான் திறக்கப் பார்ப்பதுபோல் கையை அசைத்தேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்க்கவே இல்லை. பரவாயில்லை, பதறாதே என்பதுபோல என் முழங்கையைத் தட்டினார். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. இன்றைக்குப் போனால் சொந்த வீட்டில், சொந்த நாற்காலியில் போவார், நாற்பத்தெட்டாவது நாள் போனால் பன்னிரண்டாவது வாடகை வீட்டில் போவார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். இருபது நிமிஷம் ஆயிற்று. பிறகு அவர் கண்ணை மூடிவிட்டு, குப்பியை இருந்த இடத்தில் வைத்து, டீ கிளாஸைக் கழுவி வைத்து, ஆட்டோ பிடிக்க ஓடினேன். ஓடியது நடிப்பு இல்லை, உண்மையாகவே ஓடினேன். ஆட்டோக்காரர் ஜெயவேலுவைக் கேட்டால் சொல்வார், வழியெல்லாம் அழுதேன்.

அடக்கத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். அண்ணாவுக்குப் பிடித்த பாட்டைக் கல்லறையில் என்னால் முழுதாகப் பாட முடியவில்லை.

நாற்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போனபின் அக்கா ஒரு பைலைக் கொண்டுவந்தார். வீட்டை ஜோசலின் பெயருக்கு மாற்றிவிட வேண்டும், நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றார். அன்றைக்குக் கெடுவுக்கு எட்டு நாள். இவரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தபடி பைலைப் பிரித்தேன். நான் எழுதிய பத்திரத்துக்கு மேலே இன்னொரு பத்திரம் இருந்தது. அடிமனைக்குச் சுத்தக்கிரயம். விற்றது டிரஸ்ட், வாங்கியது லாசரஸ். பதிந்தது 2008 அக்டோபர். அந்த மாதம் நான் நாகர்கோவிலுக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ரயிலேற்றிவிட அண்ணாவே ஸ்டேஷனுக்கு வந்திருந்தார்.

"லீஸ் இடம்னு அவருக்கு ரெண்டு வருஷமாத் தெரியும் தம்பி" என்றார் அக்கா. "பட்டா வாங்கப் போனப்ப சொல்லிட்டாங்க. நேரா டிரஸ்டுக்குப் போனாரு. அங்க, எட்மண்டுன்னு ஒருத்தர் வருஷா வருஷம் வாடகை கட்டிட்டு வர்றாருன்னு சொல்லிருக்காங்க. வீட்டுக்கு வந்து, பாவம், அவன் தெரியாம தப்புப் பண்ணிட்டு வெளிய சொல்ல முடியாம தவிச்சிட்டிருக்கான், நீ ஒண்ணும் கேட்டுடாதேன்னாரு. என் வளையல வித்துத்தான் கட்டுனோம். நீங்க ஊர்ல இல்லாத நாளாப் பாத்துப் பதிஞ்சோம். ஆபீஸ் வாசல்ல ஒங்களப் பாத்துட்டா ஒங்க மூஞ்சி வாடிப்போயிடும்னு அவருக்கு. ஒருநாள் நானே பக்குவமா சொல்லிக்கிறேன்னு சொல்லிட்டிருந்தாரு. சொன்னாரா?"

சொல்லவில்லை என்றேன்.

தொழில்காரனான நான் புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டிருந்தால் அக்டோபர் பதிவு அதில் வந்திருக்கும். போடவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

ஜோசலினுக்கான பத்திரத்தை நேற்று எழுதி முடித்தேன். கூலி வாங்கவில்லை. இன்று காலை இங்கே வந்தேன்.

மேற்படி தேதியில், மேற்படி வீட்டில், மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டே கொடுக்காமல் லாசரஸ் என்பவரைச் சாகவிட்டவன் நான். சுயநினைவோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதை எழுதிக் கொடுக்கிறேன். தண்டனை எதுவானாலும் சரி. ஒன்றை மட்டும் எழுதாமல் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. இருபது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாடியவன் நான். அவ்வளவு பெரிய விஷயத்தை அண்ணா என்னிடம் மறைத்திருக்கக் கூடாது.