முன்கூட்டியே சொல்ற மனுஷன்

அடிக்கிறதெல்லாம் இல்லம்மா. இத்தனை வருஷத்துல கை ஓங்கினதே இல்ல. குடியும் கிடையாது. வேற பொம்பள சகவாசமா? நீங்க வேற, அவருக்கு என்கிட்ட பேசி முடிக்கவே பொழுது பத்தாது. போன தடவ கவுன்சிலிங்குக்கு வந்தப்பவும் இதையேதான் கேட்டீங்க. நானும் இல்ல இல்லன்னு தலையாட்டினேன். நீங்க பேனாவை மூடி வச்சுட்டு, அப்புறம் எதுக்கும்மா விவாகரத்துன்னீங்க. அவரு டிவி கதையை முன்கூட்டியே சொல்லிடுறாரும்மான்னேன். சிரிச்சீங்க. இப்பவும் உதட்டைக் கடிச்சுட்டு இருக்கீங்க பாருங்க. சிரிங்க, பரவாயில்ல. உங்க வீட்டுக்காரரு டிவி பாக்க மாட்டாரு போல, கொடுத்து வச்சவங்க.

கேக்குதும்மா. கேஸை இன்னைக்கே மூடிடலாங்கிறீங்க. காது நல்லாத்தான் இருக்கு. சட்டை ஃபேக்டரியில பட்டன் ஓட்டை போடற காஜா மிஷினுக்கு முன்னாடியே பாதி ஆயுசு போச்சு, அப்படியிருந்தும் எப்படிக் காது கேக்குதுன்னு டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. மூடாதீங்கன்னு சொல்லத்தான் நான் வந்திருக்கேன். ஏன்னு கேட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. வெளிய அடுத்த ஆளுங்க காத்திருக்காங்கதான், பார்த்தேன். புருஷனும் பொண்டாட்டியும் ஒரே ஹெட்போனை ஆளுக்கு ஒரு காதுல வச்சுப் பாட்டு கேட்டுட்டு இருக்காங்க. அவங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.

எங்க வீட்டுக்காரரு ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற வேலை. இப்ப மிஷின் பேசுது. அதுக்கு முன்னாடி ஒரு மனுஷன் மைக்கைப் பிடிச்சுப் பேசுவாருல்ல, அந்த மனுஷன்தான் இவரு. பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அதேதான். போன தடவ வந்தப்ப உங்ககிட்டயும் அப்படித்தானே ஆரம்பிச்சாரு.

சட்டையைக் கழட்டி ஆணியில மாட்டுவாரே தவிர அந்தக் குரலைக் கழட்ட மாட்டாரு. கல்யாணமான புதுசுல நான் குளிச்சுட்டு வர நேரமாச்சுன்னா கதவுக்கு வெளிய நின்னுட்டு, குளியலறையிலிருந்து வந்து சேர வேண்டிய என் மனைவி சற்றுத் தாமதமாக வந்து சேருவார், ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்னு சொல்லுவாரு. என் மாமியார் சிரிப்பாங்க. எனக்கு சோப்பு நுரையோட உள்ளயே இருந்துடலாம் போல இருக்கும். பொண்ணு பொறக்கறப்போ ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னு அறிவிப்பு கொடுத்து, நர்ஸம்மா கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளாத குறை. அந்த நர்ஸம்மாவைப் பின்னால நான் சட்டைக் கடையில பார்த்தேன், காஜா சரியில்லன்னு சண்டை போட்டுட்டு இருந்தாங்க, நான் போட்ட காஜாதான். கண்டுக்காம வந்துட்டேன்.

வர்றேன், வர்றேன். விஷயத்துக்குத்தான் வர்றேன். டிவி பத்திச் சொல்லாம இந்த விஷயத்தைச் சொல்ல முடியாதும்மா. இந்த வருஷம் பார்த்ததுல எது மனசுக்குப் பிடிச்சுது, எது கழுத்தறுத்துச்சுன்னு சொல்றேன். ஒவ்வொண்ணுலயும் இவரு என்ன பண்ணினாருன்னு நீங்களே பாருங்க.

முதல்ல பல்லக்கு ராணி. நீங்க பாக்கல? போச்சு. கதாநாயகி பல் டாக்டர், அதனால பல்லக்காம். பேரு வச்சவன் வாயில போட. ஆனா கதை, அடேங்கப்பா. மாமியாருக்குக் கடைவாய்ப் பல்லு வலி. மருமகதான் டாக்டர், அவளே பிடுங்கணும். மாமியாருக்குத்தான் தெரியும், சின்ன மகன் யாரு வயித்துல பொறந்தவன்னு. அதைச் சொல்ல வாயைத் திறக்கிறா, திறந்த வாயில இவ மரத்துப்போற ஊசியைப் போட்டுட்டா. அவ்வளவுதான். மாசக்கணக்கா அந்த அம்மா நாக்கு மரத்துப்போய் கொழகொழன்னு பேசுது, ஒரு குடும்பமே சுத்தி நின்னு என்ன சொல்றா என்ன சொல்றான்னு கேக்குது. பாதி நாள் எனக்கே தாடை வலிக்கும். இந்த வருஷத்துல அதை அடிச்சுக்க வேற கதை இல்ல.

அதுல ஒரே குறை, மாமனாரை மாத்திட்டாங்க. பழைய நடிகருக்கு என்ன பிரச்சனையோ. திடீர்னு ஒரு நாள், இனி மாமனாராக இவர்னு கீழ எழுதிட்டு ஒரு புது ஆளு ஈஸிசேர்ல உக்காந்திருக்கான். குள்ளமா, வழுக்கையா. அந்த அம்மா கொழகொழ வாயோட அவன் கையில காபியைக் கொடுக்குது, கண்ணு கூடக் கொட்டல. எனக்கு வந்த கோவம். நேத்து வரைக்கும் இருந்தவன் வேற, இன்னைக்கு இருக்கிறவன் வேற, கூடப் படுத்து எழுந்தவளுக்குத் தெரியாதான்னு டிவியைப் பார்த்துத் திட்டினேன்.

இவரு எங்கன்னு கேக்குறீங்களா. எங்க பொண்ணு, தூரத்துல வேலை பாக்குது, அப்பாவுக்குப் பொழுது போகட்டும்னு போன்ல ஒரு ஆப்பை ஏத்திக் கொடுத்துட்டா. பணம் கட்டினா சாயந்தரம் வர்ற எபிசோடு காலையிலயே வந்துடும். அவ்வளவுதான், மனுஷனுக்கு மறுபடி டூட்டி கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. காலையில பல்லு விளக்கிட்டே பாப்பாரு. சாயந்தரம் நான் ஆசையா வந்து உக்காந்ததும் தொண்டையைக் கனைப்பாரு. கனிவான கவனத்திற்கு, பெரிய மகனைப் பற்றிய வேறொரு உண்மை இன்னும் சற்று நேரத்தில் சமையலறை வழியாக வந்து சேரும். அப்படியே வந்து சேரும்மா. ரயிலாவது நேரத்துக்கு வராது.

அடுத்தது யாரு கடைசி. அது கதை இல்ல, போட்டி. ஒரு லிஃப்டுக்குள்ள ஆளுங்களை ஏத்தி விட்டுடுவாங்க. யாரு கடைசி வரைக்கும் வெளிய வராம இருக்காங்களோ, அவங்களுக்கு மேல் மாடியில ஒரு வீடு. மொத்தப் போட்டியும் லிஃப்டு தரைத்தளத்துலயே நிக்குது. ஒரு பல்லு போன தாத்தா, ஒரு உடற்பயிற்சி வாத்தியார், கோவிச்சுட்டுப் பிரிஞ்ச ரெண்டு சகலைங்க, ஒரு டீச்சரம்மா. நான் டீச்சரம்மா பக்கம். நின்னுட்டே தூங்கும் பாவம், தூக்கத்துலயும் யாராவது பேசினா அமைதின்னு சொல்லும். எங்க அக்கா தாத்தா பக்கம். அக்கா எப்பவும் சத்தத்தைக் குறைச்சு வச்சுட்டு முகத்தை மட்டும்தான் பாப்பா, பேசினா எல்லாரும் பொய் சொல்றாங்கங்கிறா. ரெண்டு பேரும் அதுக்காக போன்ல பேசுறதையே நிறுத்திட்டோம். கடைசியில என்னாச்சு? கரண்டு போச்சு. கதவு திறக்கல. யாரும் வெளிய வர முடியல, அதனால எல்லாரும் ஜெயிச்சுட்டாங்கன்னு அறிவிச்சுட்டானுங்க. ஒரே வீட்டுல எல்லாரையும் குடி வச்சுட்டாங்க. இந்த வருஷத்துலயே என்னை ஏமாத்தினதுல அதுதான் முதல்.

அதையும் இவரு காலையிலயே சொல்லிட்டாரு. கரண்டு போகும்னு. நான் மெழுகுவத்தியைத் தேடி எடுத்து வச்சேன், நம்ம வீட்டுலன்னு நினைச்சு.

தும்மல் பத்தி மட்டும் சொல்லி முடிச்சுடறேன். துப்பறியிற கதை. யாராவது பக்கத்துல பொய் சொன்னா அந்த இன்ஸ்பெக்டருக்குத் தும்மல் வரும். நல்ல யோசனைதானே? ஆனா அந்த ஆளு யாருமே இல்லாத ரூம்லயும் தும்முறான். ஏன் தும்முறான், ஏன் தும்முறான்னு நான் மண்டையை உடைச்சுக்கிட்டேன். காய் நறுக்கும்போது கூட அதே யோசனை. கடைசி எபிசோடு அன்னைக்கு இவரு தொண்டையைக் கனைச்சாரு. கொலை செய்தவர் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டார், தும்மிக்கொண்டிருப்பவரே அவர். அன்னைக்குத்தான் தட்டைத் தூக்கி சிங்க்ல போட்டேன். உடையல, எவர்சில்வர். உடைஞ்சிருந்தா மனசு ஆறியிருக்கும்.

நீங்க சொல்றது சரிதான். இப்ப அப்படிச் சொல்றதில்ல. போன தடவையே உங்ககிட்ட நெஞ்சை நிமிர்த்திட்டுச் சொன்னாரே, நான் இப்ப எதையும் சொல்றதே இல்ல, இவ வேணும்னே பழி போடறான்னு. உண்மைதாம்மா. அவரு பொய் சொல்லல. குத்தமே இல்லாதப்ப கேஸ் எதுக்குன்னு நீங்க கேக்கறதும் நியாயம்தான்.

எப்ப நிறுத்தினாருன்னா, பல்லக்கு ராணியில அந்த மாமியாருக்கு நாக்கு சரியான அன்னைக்கு. காலையில போன்ல பார்த்தாரு, எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டுது, அடிப்பாவின்னு சத்தமா வேற சொன்னாரு. சாயந்தரம் நான் காதைப் பொத்திட்டுத்தான் வந்து உக்காந்தேன். கனைக்கல. ஒண்ணும் சொல்லல. அந்த அம்மா உண்மையைச் சொன்னதும், கன்னத்துல கையை வச்சுட்டு, அடிப்பாவி, இவளான்னாரு. எனக்குப் பெருமையா போச்சு. நமக்காகத் தெரியாத மாதிரி நடிக்கிறாரே, இந்த வயசுலயாவது புத்தி வந்துச்சேன்னு, பேசாம இருந்த அக்காவுக்கே போன் பண்ணிச் சொன்னேன்.

மறுநாள் அந்த ஆப்புல கை தவறி அதே எபிசோடைப் போட்டுட்டேன். மாத்தறதுக்குள்ள இவரு உக்காந்துட்டாரு. அதே இடம் வந்துச்சு. கன்னத்துல கை. அடிப்பாவி, இவளா.

அதுக்கு அடுத்த நாள் வேணும்னே போட்டேன். அந்த வாரம் பூரா அதையேதான் போட்டேன். தினமும் அதே இடத்துல அந்த மனுஷனுக்கு மூச்சு நின்னுடுச்சும்மா.

டாக்டர்கிட்ட காட்டியாச்சு. பொண்ணுக்குத் தெரியும். மாத்திரை கொடுத்திருக்காரு, மறதி நோயோட ஆரம்பம்தான், மூளைக்கு வேலை கொடுத்துட்டே இருங்கன்னாரு. குறுக்கெழுத்துப் புஸ்தகம் வாங்கிக் கொடுத்தேன், கொசு அடிக்க வச்சுக்கிட்டாரு. பழைய ரயில் பேரெல்லாம் கேட்டேன், முதல் ரெண்டு சொல்லிட்டு, நீ எங்க போகணும்னு என்னைத் திருப்பிக் கேக்குறாரு. பயந்து போய், அந்தப் பயத்துல வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். உன் கூட மனுஷி வாழ முடியுமா, நான் விவாகரத்து பண்ணப் போறேன்னு. அழுதுட்டே போய்ப் படுத்துட்டேன்.

விடிஞ்சதும் கட்டில்கிட்ட வந்து நிக்கிறாரு. தலை வாரி, சட்டை பட்டனெல்லாம் சரியாப் போட்டு. என்னடி, விவாகரத்தா? போடு கேஸை, பார்த்துடலாம்னாரு. முந்தின நாள் என்ன சாப்பிட்டாருன்னு தெரியாது, டாக்டர்கிட்ட போனது தெரியாது. இது ஒண்ணு மட்டும் ஞாபகம் இருந்துச்சு. அப்புறம் நான் கேஸ் போடாம என்ன பண்றது, நீங்களே சொல்லுங்க.

இங்க வர்ற தேதி அவருக்கு மறக்கிறதே இல்ல. நானா ஞாபகப்படுத்துறேன்? அவருதான் என்னைக் கிளப்புறாரு. முந்தின நாளே சட்டையைத் தேய்ச்சு வச்சுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு வாதாடிப் பாப்பாரு. நான் எந்த வருஷம் அவரு தங்கச்சியைச் சாப்பிடச் சொல்லாம அனுப்பினேன், எந்தக் கலியாணத்துல மூஞ்சியைத் தூக்கி வச்சுட்டு இருந்தேன், எல்லாம் வரிசையா வருது. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேப்பேன். அவ்வளவு தெளிவா இருக்காரும்மா, அன்னைக்கு மட்டும்.

ஐயோ, நீங்க எதுக்குக் கண்ணைத் துடைக்கிறீங்க. வெளிய உக்காந்திருக்கிறவருக்குத் தெரிஞ்சா என்னவோ ஏதோன்னு நினைப்பாரு. தண்ணி குடிங்க.

சட்டத்துல இடம் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது. நீங்க மூடாம இன்னொரு வாய்தா மட்டும் போட்டுடுங்க. கொஞ்சம் கிட்டக்கவே போடுங்க, ரொம்பத் தள்ளிப் போட்டா நடுவுல ஆளு தொலைஞ்சு போயிடறாரு. இப்ப அவரைக் கூப்பிடும்போது, உங்க பொண்டாட்டி உங்க மேல புதுசா ஒரு குத்தம் சொல்லியிருக்காங்கன்னு சொல்லுங்க. என்ன குத்தமா? உங்களுக்குத் தோணுனது எதையாவது சொல்லுங்கம்மா. உண்மையா இருந்தா உடனே ஒத்துக்குவாரு, அந்த மாதிரி ஆளு. பொய்யாவே இருக்கட்டும், ரொம்ப நாளைக்கு மறுத்துப் பேசுவாரு.